பதிவுக் கட்டணம் கேட்கும் ஒன்லைன் வேலையை நம்பலாமா?

தங்கச்சி, கிளிநொச்சியில் வீட்டிலிருந்தே தட்டச்சு வேலை செய்ய 2,500 ரூபா பதிவுக் கட்டணம் கேட்கிறார்கள், கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்ட வேண்டாம். வேலை தருகிறவன் காசு தர வேண்டும், வாங்கக் கூடாது. ஒன்லைனில் வேலை பிடித்துத் தரும் ஃபைவர் மாதிரியான தளமும் 20 சதவீதம் எடுக்கிறதுதான். ஆனால் அது நீங்கள் உழைத்த பணத்திலிருந்து, முன்கூட்டி அல்ல.

நானும் மாட்டினவன்தான். வட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது: வீடியோவுக்கு லைக் போட்டால் காசு. முதல் நாள் 300 ரூபா உண்மையிலேயே கணக்குக்கு வந்தது. அப்புறம் டெலிகிராம் குழுவில் சேர்த்து, "5,000 போடுங்கள், 7,000 எடுங்கள்" என்றார்கள். போட்டேன். எடுக்கப் போனால், "வரி கட்டினால்தான் விடுவோம்." சின்ன மீனைப் போட்டுப் பெரிய மீனைப் பிடிக்கிற வேலை! குழுவில் "எனக்குக் கிடைத்தது" என்று படம் போட்டவர்கள் எல்லாம் அவர்களுடைய ஆட்களே.

ஆள் சேர்த்தால் கமிஷன் என்றால் விலகி விடுங்கள். இப்படி ஆள் சேர்த்துக் காசு பார்க்கிற பிரமிட் திட்டம் இலங்கையில் வங்கிச் சட்டப்படி குற்றம். வங்கிக் கணக்கை வாடகைக்குக் கேட்டாலும் கொடுக்காதீர்கள். திருட்டுப் பணம் உங்கள் கணக்கால் போனால் பொலிஸ் உங்களிடம்தான் வரும். ஃபோனுக்கு வரும் ஓடிபி இரகசிய எண்ணை எவருக்கும் சொல்ல வேண்டாம்.

உண்மையான வேலையா? தமிழ்–ஆங்கில மொழிபெயர்ப்பு, ஒலிப்பதிவைக் கேட்டு எழுதுவது, வீடியோ எடிட்டிங். அப்வேர்க், ஃபைவரில் கணக்குத் திறப்பது இலவசம். முதல் வேலை கிடைக்க மாதக்கணக்கில் ஆகலாம், சரி, அதுவரை இப்போது செய்கிற தையல் வேலையை விட்டுவிடாதீர்கள்.