ஒரு ஏக்கர் வளவில் செக்கோயா நடலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். பிரித்தானியாவுக்கு வந்து மூன்று வருஷம், நீங்களும் மனைவியும் வைத்தியசாலையில் வேலை, வேல்ஸ் எல்லைப் பக்கம் ஒரு பழைய வீட்டை ஒரு ஏக்கர் வளவோடு வாங்கியிருக்கிறீர்கள், நேர்சரியில் முழங்கால் உயரத்துக்கு நின்ற மூன்று செக்கோயாக் கன்றுகளை, கலிபோர்னியாவின் அந்த இராட்சத ஊசியிலை மரத்தின் கன்றுகளை, கண்டு ஆசைப்பட்டு வாங்கிவந்து பின்வாசலில் சாடியோடு வைத்திருக்கிறீர்கள். கலிபோர்னியா மரம் இந்தக் குளிரில் வருமா, வீட்டுக்கு ஆபத்தா, கவுன்சிலிடம் கேட்க வேண்டுமா, நாங்கள் உயிரோடு இருக்கும்போதே பெரிதாகுமா என்று கேட்கிறீர்கள்.

நான் இங்கே வந்து 31 வருஷம். ஐந்து நட்டேன், மூன்று நிற்கின்றன. மூத்ததுக்கு 24 வயது, இரண்டு மாடி வீட்டை எப்போதோ தாண்டிவிட்டது, அடிமரத்தைக் கட்டிப்பிடித்தால் என் இரண்டு கையும் ஒன்றையொன்று தொடாது. செத்த இரண்டையும் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களுக்கு உதவப் போவது அதுதான்.

முதல் கன்றைக் குசினி யன்னலுக்கு நேரே, சுவரிலிருந்து ஆறு மீற்றரில் நட்டேன். பாத்திரம் கழுவும்போது பார்க்கலாம் என்ற ஆசை. எங்கள் மண் களிமண், கோடையில் வெடிக்கும், மாரியில் ஊதும். பதினோராவது வருஷம் வீட்டுக் காப்புறுதி புதுப்பிக்கும்போது, வீட்டுக்குப் பக்கத்தில் என்ன மரம், எவ்வளவு உயரம், எத்தனை மீற்றர் தள்ளி என்று கேட்டார்கள். உள்ளதைச் சொன்னோம். வந்து பார்த்தவர், இந்த மரம் உறிஞ்சும் தண்ணீருக்குக் களிமண் சுருங்கி அத்திவாரம் இறங்கும், இப்போதே வெட்டுவதுதான் நல்லது என்றார். வெட்டினோம். ஒன்பது மீற்றர் மரம், ஒரு நோயும் இல்லை, பச்சையாக நின்றது. பாடசாலையால் வந்த மகள் அடிக்கட்டையில் இருந்து அழுதாள். அந்த யன்னலுக்கு இன்றைக்கும் நான் திரை போட்டுத்தான் வைத்திருக்கிறேன்.

அதனால் தம்பி, தூரம்தான் முதல் விஷயம். சுவரிலிருந்து 30 மீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேர் ஆழமாக இறங்காது, பக்கவாட்டில்தான் பரவும், அதுவும் மரத்தின் விரிவைத் தாண்டி எங்கெங்கோ போகும். கிராமத்து வீடு என்றால் மலக்குழி எங்கே, அதன் குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று வீட்டுப் பத்திரத்தைப் பார்த்துக் கண்டுபிடியுங்கள். மேலே மின்கம்பி இருக்கக் கூடாது. அயலவன் வேலிக்கும் கிட்ட வேண்டாம், அவருடைய வெயிலை எடுப்பதற்கு எங்களுக்கு உரிமை இல்லை. ஒரு ஏக்கர் என்றால் ஊர்க் கணக்கில் பதினாறு பரப்பு, கேட்கப் பெரிதாக இருக்கும், ஆனால் வீடு, பாதை, அயல், குழாய் எல்லாம் கழித்துப் பார்த்தால் உங்கள் வளவில் இந்த மரத்துக்கு இரண்டு இடம் கிடைத்தால் பெரிய விஷயம். மூன்றையும் நட நினைக்காதீர்கள்.

கவுன்சில் விஷயம் சின்னது. சொந்த வளவில் மரம் நடப் பொதுவாக அனுமதி தேவையில்லை. உங்கள் பத்திரத்தில் ஏதும் கட்டுப்பாடு எழுதியிருக்கிறதா என்று மட்டும் சட்டத்தரணியிடம் கேளுங்கள். ஆனால் மரம் வளர்ந்த பிறகு கவுன்சில் அதற்குப் பாதுகாப்பு உத்தரவு போடலாம், போட்டால் அதன் பிறகு அனுமதி இல்லாமல் வெட்டவோ கொப்புக் கழிக்கவோ முடியாது. எனவே பிழையான இடத்தில் நட்டுவிட்டுப் பிறகு பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

இனி குளிர். இந்தப் பயம் வேண்டவே வேண்டாம். கலிபோர்னியா என்றதும் கடற்கரையும் வெயிலும்தான் எங்களுக்கு ஞாபகம் வரும். இது வளர்வது அங்கே சியரா நெவாடா மலையின் மேற்குச் சரிவில், பெரும்பாலும் 1400 முதல் 2150 மீற்றர் உயரத்தில், மாரியில் ஆளை மூடும் பனி கொட்டும் இடம். எங்கள் ஆட்கள் கறிவேப்பிலையைச் சாடியில் வைத்து மாரி முழுக்க ஹீற்றருக்குப் பக்கத்தில் பொத்திக் காப்பாற்றுகிறார்கள், நானும் முருங்கையை மூன்று தரம் வைத்து மூன்று தரமும் இழந்தேன். இது அப்படியான மரம் இல்லை. ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன்: சின்னக் கன்றின் இலை மாரியில் பழுப்பும் ஊதாவும் கலந்த நிறமாகும். செத்துவிட்டது என்று பிடுங்கிவிடாதீர்கள். சித்திரை வரப் பச்சை திரும்பும்.

இந்த நாட்டுக்கு இது புதிதும் அல்ல. 1853இல் வில்லியம் லொப் என்பவர் எக்ஸெற்றரில் இருந்த வீச் நேர்சரிக்காக விதையும் கன்றும் கொண்டுவந்தார். அதே வருஷம் இன்னொருவர் ஸ்கொட்லாந்துக்கும் விதை கொண்டுவந்திருந்தார். முந்தின வருஷம் வெலிங்டன் பிரபு இறந்திருந்ததால் அவர் பெயரால் வெலிங்டோனியா என்று பெயர் வைத்தார்கள். உங்கள் அயலில் இருக்கும் வயதானவர்களிடம் செக்கோயா என்றால் சிலவேளை விளங்காது, வெலிங்டோனியா என்று சொல்லுங்கள், உடனே முகம் மலரும். பணக்காரர்கள் மாளிகை வாசலில் வரிசையாக நட்டார்கள். வீதியால் போகும்போது எல்லா மரத்துக்கும் மேலே கரும்பச்சைக் கூம்பாக ஒன்று நிற்கும், சிலவற்றின் நுனி மின்னல் விழுந்து மொட்டையாகியிருக்கும், அதுதான் இது. ஸ்கொட்லாந்தில் பென்மோர் தோட்டத்தில் 1863இல் நட்ட வரிசை இன்றைக்கு 50 மீற்றரைத் தாண்டி நிற்கிறது. கலிபோர்னியாவில் ஷெர்மன் என்று பெயரிட்ட மரம் கிட்டத்தட்ட 84 மீற்றர், ஆனால் அதன் வயது ஆயிரக்கணக்கில். இங்கே இருப்பவை எல்லாம் 1853க்குப் பிறகு வந்த பிள்ளைகள்.

நடும் முன் ஒரு பெரிய மரத்தைக் குடும்பத்தோடு போய்ப் பாருங்கள். கிழக்கு லண்டனில் இல்ஃபர்ட், ரொம்ஃபர்ட் பக்கம் சொந்தக்காரர் இருப்பார்கள், அடுத்த தரம் போகும்போது ஹேவரிங் பூங்காவுக்குப் போனால் வரிசையாகப் பார்க்கலாம். பட்டையைக் கையால் அழுத்திப் பாருங்கள், தும்பு அடைத்த மெத்தை போல உள்ளே போகும். கலிபோர்னியாவில் காட்டுத்தீயைத் தாங்குவது அந்தத் தடித்த பட்டைதான். இங்கே அந்த அளவு தீ இல்லை, ஆனால் மரத்தில் ஏறித் திரியும் ஒரு சின்னப் பழுப்புக் குருவி அந்தப் பட்டையில் முட்டை அளவு குழி தோண்டி, மாரி இரவுகளில் அதற்குள் ஒட்டிக்கொண்டு தூங்கும். என் மரத்தின் பட்டை இன்னும் அந்த அளவு தடிக்கவில்லை, ஒவ்வொரு மாரியும் ரோச் அடித்துப் பார்க்கிறேன்.

நடுவது நவம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில். சாடியிலிருந்து எடுத்தவுடன் வேரைப் பாருங்கள், வட்டமாகச் சுற்றியிருந்தால் கையால் பிரித்து வெளிப்பக்கம் விடுங்கள், இல்லாவிட்டால் பின்னாளில் மரம் காற்றுக்குப் பிடிமானம் இல்லாமல் சாயும். குழியை ஆழத்தை விட அகலமாக வெட்டுங்கள். உரம் வேண்டாம். சுற்றிவர ஒரு மீற்றருக்குப் புல்லை எடுத்து மரச்சீவலைப் பரப்புங்கள், தண்டில் முட்டாமல். முயலும் மானும் கடிக்கும், கம்பி வலை அகலமாகப் போடுங்கள், கீழ்க்கொப்பு விரிய இடம் வேண்டும்.

அப்புறம் தண்ணீர். செத்த இரண்டில் இரண்டாவது கன்று அதில்தான் போனது. 2021இல் நட்டேன். 2022 கோடை ஞாபகம் இருக்கும், நீங்கள் வருவதற்கு முன்னம், இங்கிலாந்தில் 40 பாகை தாண்டிய வருஷம். நாங்கள் அந்த ஆவணியில் ஊருக்குப் போய் நான்கு கிழமை நின்றோம். பனியைத் தாங்கும் மரம், வெயிலையும் தாங்கும் என்று நினைத்து யாரிடமும் சொல்லிவிட்டுப் போகவில்லை. வந்து பார்த்தபோது அடியிலிருந்து நுனிவரை செங்கல் நிறம். அம்மா ஊரில் தென்னம்பிள்ளைக்குக் கிணற்றிலிருந்து வாளி வாளியாக இறைத்து ஊற்றியதைப் பார்த்து வளர்ந்தவன் நான், எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். முதல் மூன்று கோடைக்கும் கிழமைக்கு 20 லீற்றர், மழை இல்லாவிட்டால் இரண்டு தரம். ஊருக்குப் போனால் அயலவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். மூன்று வருஷம் தாண்டினால் அது தானாகவே தன்னைப் பார்த்துக்கொள்ளும். முதலில் மெல்ல வரும், பிறகு நல்ல மண் கிடைத்தால் வருஷத்துக்கு அரை மீற்றருக்கு மேல் எழும்பும்.

நாங்கள் இருக்கும்போது பெரிதாகுமா என்று கேட்டீர்கள். தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்று ஊரில் சொல்வார்களே. இது பனைக்கும் அப்பால். உங்கள் கண்ணுக்கு அது அழகான, உயரமான இளம் மரம், அவ்வளவுதான். அந்த வீட்டை நீங்கள் விற்கவும் கூடும். வாங்குபவர் யாரோ. அப்படியிருந்தும் நடுங்கள் என்றுதான் சொல்வேன். 2020, 2021 தீயில் மட்டும் கலிபோர்னியாவின் பெரிய செக்கோயாக்களில் 13 முதல் 19 வீதம் வரை அழிந்ததாக அங்கே கணக்கிட்டார்கள். இங்கே விதை விழுந்து தானாக முளைப்பது அரிது, ஒருவர் குனிந்து நட்டால்தான் அடுத்தது.

சரி, இப்போது செய்ய வேண்டியது இதுதான். குசினிக் கதவிலிருந்து 30 மீற்றர் அளந்து ஒரு நீளத் தடியை ஊன்றுங்கள். ஒரு கிழமை ஒவ்வொரு யன்னலாலும் பாருங்கள், அயலவர் பக்கம் போயும் பாருங்கள். மனம் ஒப்பினால் நவம்பரில் குழி வெட்டலாம், நான் அலவாங்கும் கொண்டு வருகிறேன். மூன்றாவது கன்றை எனக்குத் தாருங்கள், கீழ்க்காணியில் அந்த இரண்டாவது செத்த இடம் இன்னும் வெறுமையாகத்தான் கிடக்கிறது.