தற்காப்புக்கு எதைக் கற்பது: கராத்தேவா, குத்துச்சண்டையா, ஜூடோவா, கிராவ் மகாவா?

நீங்கள் எழுதியிருப்பது இது: வயது 27, ஒல்லியான உடம்பு, இதற்கு முன் எதுவும் கற்றதில்லை. வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்க முடியும். போட்டிக்குப் போகும் எண்ணம் இல்லை. இந்த நான்கில் எது?

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். நல்ல குத்துச்சண்டை வகுப்பு, நல்ல ஜூடோ வகுப்பு, இந்த இரண்டில் எது போய்வரத் தோதான தூரத்தில் இருக்கிறதோ அதில் சேருங்கள். முவாய் தாயோ (கை, கால், முழங்கை, முழங்கால் எல்லாவற்றாலும் அடிக்கும் தாய்லாந்துக் கலை) பிரேசிலிய ஜியு ஜிட்சுவோ (தரையில் பிடித்து மடக்கும் கலை) கிடைத்தாலும் சரிதான். ஆனால் "நல்ல" என்ற அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். கலையின் பெயரைவிட அதுதான் உங்களைக் காப்பாற்றும். எதிரே நிற்பவர் விட்டுக்கொடுக்காமல் முரண்டு பிடிக்கும்போதும் பயிற்சி நடக்கிறதா? இதற்கு "ஆம்" என்று பதில் வரும் வகுப்புதான் நல்ல வகுப்பு.

மணிக்கட்டுப் பிடியையே எடுத்துக்கொள்வோம். உங்கள் வலது மணிக்கட்டை ஒருவர் தன் இடது கையால் இறுகப் பிடிக்கிறார். அவர் பிடியில் பலவீனமான இடம் கட்டைவிரலும் மற்ற விரல்களின் நுனியும் சந்திக்கும் இடைவெளி. மணிக்கட்டின் மெல்லிய ஓரம் அந்த இடைவெளிக்கு நேராக வரும்படி கையைத் திருப்பி, முழங்கையை அவர் பக்கம் மடக்கி, அரையடி உள்ளே போய் வெடுக்கென்று இழுத்தால் கை வந்துவிடும். பல தற்காப்பு வகுப்புகளில் இதைச் சொல்லித்தருவார்கள். "ஒன்று, இரண்டு" என்று எண்ண, பிடித்தவர் பொம்மை மாதிரி நிற்க, இருபது தடவை செய்ததும் வந்துவிட்டது என்று தோன்றும். நிஜத்தில் பிடித்தவன் நிற்க மாட்டான். பிடித்த கையோடு உங்களைத் தன் பக்கம் இழுப்பான், அவனுடைய இன்னொரு கை முகத்துக்கு வரும். உங்கள் கால்கள் பின்னிக்கொள்ளும், விரல் இடைவெளியெல்லாம் நினைவில் இருக்காது. அதே பிடியை முதலில் மெதுவாக, பிறகு அரை பலத்தில், பிறகு இழுத்துத் தள்ளி முழு பலத்தில் செய்து பார்த்தவருக்கு வேலையின் வரிசையே மாறிப்போகும். முதலில் கால்களை அகட்டி இடுப்பை இறக்குவார், அடுத்து இடது கையால் முகத்தை மறைப்பார், மணிக்கட்டை விடுவிப்பது மூன்றாவதாகத்தான் வரும்.

இதை நன்றாகப் புரிந்துகொண்டவர் ஜிகோரோ கானோ. பழைய ஜப்பானியச் சண்டைக் கலையான ஜுஜுட்சுவில் இருந்த ஆபத்தான அடிகளையும் முறிப்புகளையும், இருவர் நிஜமாகவே மோதிப் பழகும் சுதந்திரப் பயிற்சியிலிருந்து ஒதுக்கிவிட்டு, 1882-இல் ஜூடோவை உருவாக்கினார். மிச்சமிருந்த, ஆளைத் தூக்கி எறியும் வீச்சுகளையும் பிடிகளையும் முழு பலத்தோடு, தினமும், ஒருவரை ஒருவர் ஊனமாக்காமல் பழக முடிந்தது. "எங்கள் அடிகள் உயிருக்கே ஆபத்தானவை, அதனால் ஸ்பாரிங் (இருவர் எதிரெதிரே நின்று மோதும் பயிற்சி) வைக்க முடியாது" என்று சொல்லும் இடங்களை நான் நம்பாததற்குக் காரணம் இதுதான். ஆடிக்கொண்டே இருக்கும் ஒரு தலையில் உள்ளங்கையளவு கிளவுஸைக்கூடப் பட வைத்துப் பழகாதவரால் விரலைக் கண்ணில் குத்த முடியாது.

எந்தக் கலையிலும் அதன் போட்டி விதி ஒரு ஓட்டையை விட்டுவைத்திருக்கும். அது எது என்று தெரிந்து சேர்ந்தால் பின்னால் ஏமாற்றம் இருக்காது. குத்துச்சண்டையில் தூரக் கணிப்பு, கால் நகர்வு, அடி வரும்போது கண்ணை மூடாமல் இருப்பது ஆகிய மூன்றும் மற்ற இடங்களைவிட வேகமாக வரும். ஆனால் இருவரும் கட்டிப்பிடித்ததும் நடுவர் பிரித்துவிடுவார், தரையில் விழுந்த பிறகு என்ன செய்வது என்பது பாடத்திலேயே இல்லை. கையில் சுற்றும் துணியும் கிளவுஸும் எலும்பைக் காப்பதால், வெறும் முஷ்டியால் மண்டையில் குத்தினால் என்ன ஆகும் என்பதும் மறந்துபோகும். சுண்டுவிரலுக்குப் பின்னால் இருக்கும் உள்ளங்கை எலும்பு அப்படித்தான் முறிகிறது. அதனால் வெறுங்கையில் முகத்துக்குப் போகும் அடியை உள்ளங்கையின் அடிப்பகுதியால் அடிக்கப் பழகுங்கள்.

ஜூடோவில் பிடி கெட்டியான சட்டைத்துணியை நம்பியது. மெல்லிய டி-ஷர்ட் கிழிந்துவிடும், எனவே பிடரி, முழங்கை, அக்குள் ஆகிய இடங்களைப் பிடித்து எறியவும் மாஸ்டரிடம் கேட்டுப் பழக வேண்டும். இன்றைய போட்டி விதிப்படி நின்ற நிலையில் காலைப் பிடிக்கக் கூடாது, ஆகவே யாராவது காலுக்குப் பாய்ந்தால் ஜூடோக்காரர் திகைப்பார். பிரேசிலிய ஜியு ஜிட்சு சிறிய உடம்புக்கு நல்ல துணை. 1993-இல் நடந்த முதல் யூஎஃப்சி போட்டியில் (வெவ்வேறு சண்டைக் கலைக்காரர்கள் மோதும் போட்டி) அந்தக் கலையைக் கற்ற ராய்ஸ் கிரேசி ஒரே இரவில் மூன்று பேரைப் பணிய வைத்து வென்றார். ஆனால் கடினமான தரையில், பக்கத்தில் இன்னொருவன் நிற்கும்போது, விரும்பிக் கீழே படுப்பது தற்கொலை. அதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது கீழிருந்து தப்பி எழுந்து நிற்பதை மட்டும்தான். கராத்தேயில் பள்ளிக்குப் பள்ளி வித்தியாசம் அதிகம். முழு பலத்தோடு அடித்துக்கொள்ளும் கியோகுஷின் என்ற கராத்தேப் பிரிவில் உடம்பு இரும்பாகும், ஆனால் தலைக்குக் கைக்குத்து போட்டியில் கிடையாது, அதனால் கைகள் தாழ்ந்தே நிற்கும். உதைகளுக்குப் பெயர்போன கொரியக் கலையான டேக்வாண்டோவின் ஒலிம்பிக் போட்டியிலும் முகத்துக்குக் குத்து இல்லை. கிராவ் மகாவின் பாடத்திட்டம் தற்காப்புக்கென்றே வகுத்தது, இமி லிக்டென்ஃபெல்ட் இஸ்ரேல் ராணுவத்துக்காக வளர்த்தெடுத்தது. சிக்கல் என்னவென்றால் பயிற்சியாளரின் தரம் இடத்துக்கு இடம் தலைகீழாக மாறும், ஸ்பாரிங்கே இல்லாத வகுப்புகளும் உண்டு. சிலம்பம் தெரிந்தவர்களுக்குத் தூரக் கணிப்பு அருமையாக இருக்கும், கையில் கம்பு இல்லாத நேரத்துக்குத்தான் வேறு ஏதாவது வேண்டும்.

பணம் கட்டுவதற்கு முன் ஒரு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பாருங்கள், கடிகாரத்தோடு. ஒரு மணி நேரத்தில் உடற்பயிற்சி 10 நிமிடம், நுட்பம் 20 முதல் 25, எதிர்ப்போடு கூடிய பயிற்சி 15 முதல் 20 நிமிடம் என்றால் திருப்தி. மூன்றாவது பங்கு பூஜ்யம் என்றால் எழுந்து வந்துவிடலாம். அதேசமயம், முதல் வாரத்திலேயே புதியவரை ரிங்குக்குள் தள்ளி அடி வாங்க வைக்கும் இடத்துக்கும் போகாதீர்கள், அங்கே மாஸ்டருக்குப் பொறுப்பில்லை என்று அர்த்தம். பழைய மாணவர்கள் தங்களைவிடச் சிறியவரிடம் எப்படி நடந்துகொள்கிறார்கள், பிடியில் சிக்கியவர் "போதும்" என்று கையால் தட்டியதும் அடுத்தவர் உடனே விடுகிறாரா என்பதைக் கவனியுங்கள். கழுத்தின் இரு பக்க ரத்தக்குழாய்களும் சரியாக அழுந்தினால் ஏறக்குறைய 10 நொடியில் நினைவு போய்விடும், அங்கே "கொஞ்சம் பொறு" என்ற பேச்சுக்கே இடமில்லை. தலைக்கவசம் போட்டுவிட்டோம் என்று பலமாக அடித்துக்கொள்வதும் தப்பு. அது வெட்டுக்காயத்தைக் குறைக்கும், மூளை அதிர்ச்சியைத் தடுக்காது. அடி வாங்கிய பின் தலைவலி, குமட்டல், தலைசுற்றல் இருந்தால் மருத்துவர் சரி என்று சொல்லும்வரை ஸ்பாரிங் வேண்டாம்.

எந்த வகுப்பில் சேர்ந்தாலும் விழுவதற்குக் கற்றுக்கொள்ளுங்கள். வாழ்நாளில் சண்டையே வராமல் போகலாம், வழுக்கி விழுவது நிச்சயம் வரும். முதலில் குந்திய நிலையிலிருந்து தொடங்குங்கள். முகவாயை மார்போடு ஒட்டி, இடுப்புக் கச்சையின் முடிச்சைப் பார்த்தபடி, முதுகைத் தொட்டில் மாதிரி வளைத்துப் பின்னால் உருளுங்கள். முதுகு தரையைத் தொடும் அதே நொடியில், உடம்பிலிருந்து சுமார் 45 பாகையில் விரித்த இரு கைகளாலும், உள்ளங்கை கீழ்நோக்கி, தரைவிரிப்பை ஓங்கி அறைந்து மூச்சை வெளியே விடுங்கள். எல்லோரும் செய்யும் தப்பு கையைப் பின்னால் ஊன்றுவது. மொத்த எடையும் அந்த ஒரு கையில் இறங்க, மணிக்கட்டு முறிகிறது. இன்னொரு தப்பு முகவாய் தூக்கியிருப்பது, பின்மண்டை தரையில் மோதும். தெருச்சண்டைகளில் உயிரைக் குடிப்பது பல நேரம் எதிராளியின் குத்து அல்ல, விழுந்தவர் தலை மோதும் தரைதான்.

கத்திக்கு எதிராக எந்தக் கலையையும் நம்பாதீர்கள். மூன்றே அசைவில் கத்தியைப் பிடுங்கலாம் என்று யாராவது சொன்னால் ஒரு சோதனை செய்யுங்கள். பழைய வெள்ளைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு, நண்பரிடம் ஒரு மார்க்கர் பேனாவைக் கொடுத்து, 10 நொடி இஷ்டப்படி குத்தச் சொல்லுங்கள். பிறகு சட்டையில் கோடுகளை எண்ணுங்கள். கேட்பது பர்ஸ் என்றால் கொடுத்துவிடுங்கள், வழி இருந்தால் ஓடுங்கள்.

அதற்கும் முந்திய கட்டத்தை வகுப்புகள் பெரும்பாலும் சொல்லித்தருவதில்லை. ஒருவன் வம்புக்கு நெருங்கும்போது ஒரு காலைப் பின்னால் வைத்து, இரண்டு கை நீளம் இடைவெளி விட்டு, திறந்த உள்ளங்கைகளை மார்பு உயரத்தில் முன்னால் வைத்து, "அங்கேயே நில்லுங்க, கிட்ட வராதீங்க" என்று உரக்கச் சொல்லுங்கள். பார்ப்பவர்களுக்கு அது சமாதானம், உங்களுக்கு அதுவே காவல் நிலை. இதை வாய்விட்டுப் பழக வேண்டும், ஏனென்றால் பயத்தில் முதலில் அடைபடுவது தொண்டை. அவன் விலகியதும் நீங்களும் கிளம்பிவிடுங்கள். விழுந்தவனை மேலும் ஓர் உதை உதைத்தால் அதற்குப் பெயர் தற்காப்பு இல்லை, வழக்கு உங்கள்மேல் திரும்பும்.

மூன்று நாளையும் முதல் 6 மாதம் ஒரே கலைக்குக் கொடுங்கள். இரண்டில் கால் வைத்தால் இரண்டும் அரைகுறையாகத்தான் வரும். பிறகு இரண்டு நாள் அது, ஒரு நாள் மற்றது என்று பிரியுங்கள்: குத்துச்சண்டையில் தொடங்கியவர் ஜூடோ, ஜூடோவில் தொடங்கியவர் குத்துச்சண்டை. முதல் நாள் நகத்தை ஒட்ட வெட்டி, மோதிரம், சங்கிலி, கம்மல் எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். மவுத் கார்டு மட்டும் முதல் ஸ்பாரிங்குக்கு முன்பே வாங்கி, வெந்நீரில் போட்டுக் கடித்து, உங்கள் பல்லுக்கு அச்சாக்கி வைத்திருங்கள்.