ஹார்ட் டிஸ்க்கைத் தூங்க வைக்கலாமா?

கேள்வி: பழைய கணினியில் டெபியன் லினக்ஸ் போட்டு, பேரப்பிள்ளைகளின் படங்களையும் பழைய பாட்டுகளையும் இரண்டு 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருக்கிறேன். கணினி நாள் முழுக்க ஓடுகிறது. அந்த டிஸ்க்குகளைத் தொடுவதோ இரவில் சில மணி நேரம்தான். மற்ற நேரம் நிறுத்தி வைத்தால் பியூபி மின்சார பில் குறையுமா?
- ஈசூன் வாசகர்

பதில்: குறையும், ஆனால் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். சும்மா சுழலும் டிஸ்க் சுமார் 5 வாட் இழுக்கும். நின்றுவிட்டால் 1 வாட்டுக்கும் கீழே. இரண்டும் தினம் 20 மணி நேரம் நின்றால் மாதம் 5 யூனிட் மிச்சம். யூனிட் 30 காசு என்று போட்டால் ஒன்றரை வெள்ளி. காப்பிக்கடையில் ஒரு தே குடிக்கலாம். எனக்கென்னவோ, நம் ஊர் வெக்கையில் டிஸ்க்கின் சூடும் சத்தமும் அடங்குவதே பெரிய லாபம்.

டிஸ்க்கை நிறுத்த லினக்ஸின் 'ஹெச்டிபார்ம்' (hdparm) கட்டளை போதும். பெரிய எழுத்து எஸ் (-S) போட்டு 120 கொடுங்கள். 120 நிமிடமில்லை, ஐந்து ஐந்து வினாடியாக எண்ணும், ஆக 10 நிமிடம். 241 கொடுத்தால் அரை மணி நேரம். உங்களுக்கு 241 சரி. தப்பித் தவறிச் சின்ன எஸ் போட்டுவிடாதீர்கள். அது வேறு வேலை, ஆபத்தானதும்கூட. கணினியை அணைத்துப் போட்டாலும் நிலைக்க, 'ஹெச்டிபார்ம்.கான்ஃப்' கோப்பில் எழுதிவிடுங்கள்.

இனி என் கதை. 5 நிமிடம் வைத்துவிட்டு நிம்மதியாகப் படுத்தேன். நடுச்சாமத்தில் அரை மணிக்கொரு தரம் டிஸ்க் 'உய்ங்' என்று எழுந்தது. என்ன சத்தம் என்று வீட்டம்மா என்னை எழுப்பினார். குற்றவாளி 'ஸ்மார்ட்டி' (smartd) என்ற பின்னணி நிரல். டிஸ்க்கின் உடல்நலம் பார்க்க 30 நிமிடத்துக்கு ஒருமுறை தட்டி எழுப்பியிருக்கிறது, நாளுக்கு 48 தடவை! அடிக்கடி நின்று கிளம்புவதுதான் மோட்டாருக்குத் தேய்மானம். 'ஸ்மார்ட்டி' அமைப்பில் சின்ன எழுத்து என் (-n) போட்டு 'ஸ்டாண்ட்பை' என்று சேர்த்தேன். தூங்குகிற டிஸ்க்கை விட்டுவிடும். டெபியன் தரும் கோப்பில் அது முன்பே உண்டு. என் சொந்த வரியில் நான்தான் விட்டுவிட்டேன்.

தூங்குகிறதா என்று பார்க்க ஹெச்டிபார்முக்குப் பெரிய சி (-C) கொடுங்கள். கேட்பதால் டிஸ்க் விழிக்காது. லினக்ஸ் நிறுவிய டிஸ்க்கில் இதெல்லாம் வேண்டாம், அதில் ஏதாவது எழுதப்பட்டுக்கொண்டே இருக்கும். யூஎஸ்பி பெட்டிக்குள் இருக்கும் டிஸ்க் சில நேரம் ஹெச்டிபார்ம் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாது. அதற்கு 'ஹெச்டி-ஐடில்' (hd-idle) என்ற நிரலைப் போட்டுப் பாருங்கள்.