ஏசிக்கு வருடா வருடம் காஸ் அடிக்க வேணுமா?

கேள்வி: குருநகரில் கடற்கரையோரம் வீடு. ஏசி பூட்டி இரண்டு வருடம். பூட்டிய பொடியன் ஒவ்வொரு வருடமும் காஸ் அடிக்க வேணும் என்கிறான். உண்மையா?

பதில்: இல்லை. பெற்றோல் மாதிரி எரிந்து தீர்கிற சாமான் இல்லை அது, குழாய்க்குள்ளேயே சுற்றிக்கொண்டிருப்பது. குறைந்தால் எங்கோ கசிகிறது, முதலில் அதைத் தேடி அடைக்கச் சொல்லுங்கள், உப்புக்காற்று அரிக்கிற வெளி யூனிட்டையும் விடாமல் பார்க்கட்டும். பல புது ஏசிகளில் இருக்கிற ஆர்-32 காஸ் தீப்பிடிக்கக்கூடியது, அது உள்ளே இருக்கும்போது குழாயை நெருப்பு வைத்து ஒட்ட விடவே வேண்டாம். அடைத்த பிறகு வாக்குவம் பம்பால் காற்றையும் ஈரத்தையும் இழுக்காமல் காஸ் ஏற்றினால் கொம்பிரசர் கெடும். சரி, உங்கள் வேலை? பிறேக்கரை நிறுத்திவிட்டு பில்டரைக் கழுவுங்கள். வெளி யூனிட்டைத் திறக்காதீர்கள், கரண்ட் நின்றாலும் அதைச் சேமித்து வைத்திருக்கிற கெப்பாசிட்டர் ஷொக் அடிக்கும்.