பதில்: குழந்தை முதுகில் வெளிறிய கோடுகள், கூடவே வலிப்பு

எட்டு மாதக் குழந்தைக்கு முதுகில் வெளிறிய வரிகள், போன வாரம் வலிப்பு, தேமல் என்று களிம்பு கொடுத்தார்கள் என்கிறீர்கள். தேமல் இப்படித் தண்டுவடத்தின் மேல் ஆங்கில V எழுத்து போலவும் வயிற்றில் சுழியாகவும் வரிசை கட்டி வராதுங்க. இது பிளாஷ்கோ கோடுகள், அதாவது கருவில் தோல் செல்கள் நகர்ந்த தடமாக இருக்கலாம்; அந்தத் தடத்தில் நிறம் குறைவதை 1952இல் ஜப்பானின் மினோர் இட்டோ விவரித்தார். தோலின் மேலடுக்கும் மூளையும் கருவில் ஒரே அடுக்கிலிருந்து வருவதால் சிலருக்கு வலிப்பும் சேர்கிறது, எல்லோருக்கும் இல்லை. களிம்பு கிடக்கட்டும், குழந்தை நரம்பியல் டாக்டரிடம் உடனே காட்டுங்கள். இஇஜி (மூளையின் மின்னலைகளைப் பதியும் சோதனை), எம்ஆர்ஐ ஸ்கேன் தேவையா என்று அவர் சொல்வார். அப்புறம், குரோமோசோம் சோதனை ரத்தத்தில் நார்மல் என்று வந்தாலும் தோல் செல்களின் குரோமோசோமில் மாற்றம் இருக்கக்கூடும், அதையும் கேளுங்கள். மறுபடி வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, போனில் வீடியோ எடுங்கள்; ஐந்து நிமிடம் தாண்டினால் காத்திருக்காமல் 108தான்.