எதிர் மாடி ஆன்டெனாவும் என் தலைவலியும்: வழக்குப் போடலாமா?

கேள்வி: எதிர்க் கட்டடத்து மொட்டை மாடியில் செல்போன் ஆன்டெனா வைத்ததிலிருந்து எனக்கு ஓயாத தலைவலி, தூக்கமும் இல்லை. நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட முடியுமா?

பதில்: போடலாம். ஆனால் 'ஆன்டெனாவால்தான் தலைவலி' என்று மனுவில் எழுதிவிட்டால் அதை நிரூபிக்க வேண்டியது நீங்கள்தான், இப்படிப்பட்ட வழக்குகள் பெரும்பாலும் அங்கேதான் படுத்துவிடுகின்றன.

எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் அறிவியலைத்தான் எடுப்பார். ரேடியோ அலைகளால் உடம்புக்கு ஏற்படுவதாக உறுதியாகத் தெரிந்த பாதிப்பு திசுக்கள் சூடாவதுதான், சர்வதேச வரம்புகளும் பொதுமக்களுக்கு அதைவிடப் பல மடங்கு குறைத்தே போடப்பட்டிருக்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2011-இல் இந்த அலைகளை '2பி' (புற்றுநோயை உண்டாக்கும் சாத்தியம் உள்ளவை) பிரிவில் வைத்ததே என்பீர்கள். உண்மைதான், ஆனால் சான்று முழுமையில்லாதபோதுதான் அந்தப் பிரிவில் வைப்பார்கள், அதுவும் புற்றுநோய் பற்றியது, உங்கள் தலைவலிக்கு அதில் இடமில்லை. அலை வருகிறதா இல்லையா என்று சொல்லாமல் செய்த சோதனைகளில், தம் உடம்புக்கு இந்த அலை ஒத்துக்கொள்ளவில்லை என்றவர்களால் அது எப்போது வருகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. உங்கள் வலி பொய் என்று நான் சொல்லவில்லை, காரணம் வேறாக இருக்கலாம். அதனால் முதலில் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள், அந்த அறிக்கை எப்படியும் தேவைப்படும்.

இத்தாலியில் ஜெயித்தார்களே என்று யாராவது சொல்வார்கள். 2012-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், வேலை நிமித்தமாக 12 வருடம் தினமும் ஐந்தாறு மணி நேரம் போனைக் காதில் வைத்துப் பேசிய ஒருவருக்கு வந்த கட்டியைத் தொழில்வழி நோயாக ஏற்றுக்கொண்டது. அது போன் பயன்பாடு, அதுவும் தொழிலாளர் காப்பீட்டு வழக்கு. அமெரிக்காவில் போன் நிறுவனங்கள் மேல் போட்ட மூளைக்கட்டி வழக்கிலோ, நிபுணர் சாட்சியத்தையே 2002-இல் நீதிமன்றம் ஏற்கவில்லை.

சரி, என்ன செய்யலாம்? உடல்நலத்தை விட்டுவிட்டு விதிமீறலைப் பிடியுங்கள். ஆன்டெனாவின் அலைக் கற்றை கிட்டத்தட்ட படுக்கைவாட்டில் பாயும், அதனால் அடியில் குடியிருப்பவரைவிட அதே உயரத்தில் நேர் எதிரே இருப்பவர் ஜன்னலில்தான் அளவு அதிகமாக இருக்கும். தொலைத்தொடர்புத் துறைக்கு எழுதி, உங்கள் ஜன்னலில் முறைப்படி அளக்கச் சொல்லுங்கள். அளவு வரம்பைத் தாண்டினால் தலைவலியை நிரூபிக்காமலே ஆன்டெனாவைத் திருப்பவோ எடுக்கவோ உத்தரவு கேட்கலாம். அப்புறம் கட்டட அனுமதி, கூரை தாங்கும் திறன் பற்றிய சான்றிதழ் இரண்டின் நகலையும் கேளுங்கள். கூடவே ஜெனரேட்டர் ஓடுகிறதா? ராத்திரி சத்தம் என்றால் அது தொல்லை வழக்கு, கதிர்வீச்சு வழக்கைவிட எவ்வளவோ சுலபம், தூக்கம் கெடுவதற்கும் ஒருவேளை அதுவே காரணமாக இருக்கலாம்.

கோபத்தில் கேபிளை மட்டும் அறுத்துவிடாதீர்கள், அன்றிலிருந்து குற்றவாளி நீங்கள்தான்.