ஜோன்ஸ்: அப்பா பெயர் குடும்பப் பெயரான கதை (கேள்வி பதில்)

கேள்வி: ஜோன்ஸ் என்று பெயர் வைத்திருப்பவர்கள் எல்லாரும் ஒரே வம்சமா?

பதில்: இல்லவே இல்லை. 'ஜானின் பிள்ளை' என்பதுதான் பொருள். ஊருக்கு ஊர் ஜான் என்று அப்பாக்கள் இருந்தார்கள். அத்தனை பேரிலிருந்தும் தனித்தனியாக ஜோன்ஸ்கள் கிளைத்தார்கள்.

கேள்வி: பிரிட்டனின் மேற்குப் பகுதியான வேல்ஸில் மட்டும் ஏன் இத்தனை ஜோன்ஸ்கள்?

பதில்: அங்கே அந்தக் காலத்தில் குடும்பப் பெயரே வழக்கத்தில் இல்லை. ஹவெலின் மகன் ரீஸ் என்றால் 'ரீஸ் அப் ஹவெல்' ('அப்' என்றால் மகன்). நம் இனிஷியல் மாதிரி தலைமுறைக்குத் தலைமுறை மாறும். எட்டாம் ஹென்றி காலத்தில், 1536, 1543 சட்டங்கள் வேல்ஸை இங்கிலாந்தோடு இணைத்து, நீதிமன்றத்தில் ஆங்கிலத்தைப் புகுத்தின. ஆங்கிலப் பதிவேட்டுக்கு நிலையான பெயர் வேண்டும். முதலில் வசதியானவர்களும், மெல்ல மெல்ல மற்றவர்களும் அப்பா பெயரை அப்படியே நிறுத்திக்கொண்டார்கள். சில கிராமங்களில் இது பத்தொன்பதாம் நூற்றாண்டுவரை இழுத்தது. புழக்கத்தில் இருந்த ஆண் பெயர்களோ கொஞ்சம். அவற்றில் ஜான் ஏராளம். எவன்ஸ் என்பதும் ஜானின் வெல்ஷ் வடிவமான இயவானிலிருந்து வந்ததுதான்! 'அப் ஹவெல்' பவல் ஆனது, 'அப் ரீஸ்' பிரைஸ் ஆனது.

கேள்வி: கல்கத்தாவில் ஆசியக் கழகம் தொடங்கிய வில்லியம் ஜோன்ஸும் இந்த வகையா?

பதில்: அந்தக் குடும்பத்தில் இந்த மாற்றத்தைக் கையும் களவுமாகப் பிடிக்கலாம். அவர் தந்தையின் பெயரும் வில்லியம் ஜோன்ஸ்தான். 1675இல் வேல்ஸின் ஆங்கில்சித் தீவில் பிறந்த கணித அறிஞர், வட்ட விகிதத்துக்கு 1706இல் பை குறியைப் பயன்படுத்தியவர். அவருடைய தந்தை ஷோன் ஷோர், அதாவது ஜான் ஜார்ஜ். ஜானின் பிள்ளை என்பதால் கணிதர் ஜோன்ஸ் ஆனார். பழைய வழக்கப்படி அவர் மகன் வில்லியம்ஸ் ஆகியிருக்க வேண்டும். அதற்குள் பெயர் நிலைத்துவிட்டது. 1784இல் கழகம் தொடங்கியவர் அந்த மகன்.

கேள்வி: ஒரே தெருவில் பத்து ஜோன்ஸ் இருந்தால் எப்படிக் கூப்பிடுவார்கள்?

பதில்: பால்காரர் ஜோன்ஸ் என்பது போலத் தொழிலைச் சேர்த்து. பட்டாளத்தில் எண்தான் கதி. 1879இல் தென்னாப்பிரிக்காவின் ரோர்க்ஸ் டிரிஃப்டில் 593 வில்லியம் ஜோன்ஸ், 716 ராபர்ட் ஜோன்ஸ் என்ற இரு சிப்பாய்கள், எரியும் மருத்துவமனையில் நோயாளிகளைக் காத்து விக்டோரியா சிலுவை என்ற வீர விருதைப் பெற்றார்கள். இருவரும் ஒரே படைக் கம்பெனி.

கேள்வி: வெளிநாடுகளில்?

பதில்: 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அமெரிக்காவின் ஐந்தாவது பெரிய குடும்பப் பெயர் இது. ஆப்பிரிக்க அமெரிக்கர்களிடமும் பரவலாக உண்டு. அதனால் பெயரை வைத்து வேல்ஸ் வம்சம் என்று முடிவு கட்டாதீர்கள். எனக்குப் பிடித்தது அர்ஜென்டினா. 1865இல் 'மிமோசா' கப்பலில் வெல்ஷ் குடியேறிகள் படகோனியாவில் இறங்கினார்கள். அங்குள்ள டிரெலூ நகரம், முன்னோடிகளில் ஒருவரான லூயிஸ் ஜோன்ஸின் பெயரைத் தாங்குகிறது. அதிலும் பாருங்கள், ஜோன்ஸை விட்டுவிட்டு லூயிஸைத்தான் எடுத்தார்கள்.

கேள்வி: என் கணவர் வழியில் ஒரு வெல்ஷ் ஜோன்ஸ் உண்டு. தேட முடியுமா?

பதில்: முடியும். குடும்பப் பெயரை நம்பாமல், அவர்கள் வாழ்ந்த பண்ணையின் பெயரையும் தேவாலயத்தையும் முதலில் கண்டுபிடியுங்கள்.